மூடி திறந்த தேதி

எனக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது ஐயா. பென்சிலைக்கூட விரலில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேயும்வரை எழுதுவேன். ஆடை கம்பெனியில் திட்டமிடும் வேலைக்கு இந்தக் குணம் பொருத்தம் என்று பதினொரு வருடம் வைத்திருந்தார்கள்.

அடுத்த மாதம் எந்த நிறம் விற்கும் என்பது கடைக்காரர்களுக்கே தெரியாது. முன்கூட்டியே சாயம் ஏற்றி வைத்தால், விற்காதது குப்பைக்குத்தான் போகும். அதனால் துணியை வெள்ளையாகவே வைத்திருந்து, ஆர்டர் உறுதியான பிறகு சாயம் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தேன். குப்பை பாதியாகக் குறைந்தது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்த பிறகே வெளியே விட்டோம். சுற்றுச்சூழலைக் காக்கும் நிறுவனம் என்று சான்றிதழ் கிடைத்தது. அதை மாட்ட ஆணி அடித்ததும் நான்தான். உள்ளபடியே பெருமையாக இருந்தது.

இந்த முறையில் ஒரு சங்கடம், எல்லா வேலையும் கடைசி வாரத்தில் வந்து கழுத்தை நெரிக்கும். கழிவுநீர்த் தொட்டியில் சேறு நிறைந்தால் ஆள் இறங்கி அள்ள வேண்டும். அதற்கு முன் மூடியைத் திறந்துபோட்டு, விஷவாயு போக இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை சாயப்பட்டறை நிற்கும். என் அட்டவணையில் இரண்டு வெற்றுக் கட்டங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றரை நாளாக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை ஒரு நாள், அதற்கடுத்து அரை நாள். அப்போதும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நடந்ததை வைத்து நடக்கப்போவதைக் கணிப்பதுதானே என் தொழில்.

நான்காவது தடவை, நீலம் கேட்டவர்கள் திடீரென்று பச்சை கேட்டார்கள். அரை நாள்கூடக் காத்திருக்க நேரமில்லை. மூடியை அன்று காலைதான் திறந்தோம். தொட்டி சுத்தம் செய்யும் ஆட்களுக்கு மேஸ்திரி என் அக்கா வீட்டுக்காரர். நாலு பட்டறைக்குப் பொது ஆள் என்பதால் இறங்கும் நாளன்றுதான் வருவார். வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, வாடை ஒரு மாதிரி இருக்கே. மூடி திறந்து ரெண்டு நாள் ஆயிடுச்சுல்ல?"

"ஆயிடுச்சு மாமா."

"நீ சொன்னா சரிதான். ஆளுங்கள அப்புறம் இறக்கறேன். மொதல்ல நான் போய்ப் பாக்கறேன்."

"பாத்து இறங்குங்க மாமா."

அவர் மேலே வரவில்லை. அவரைத் தூக்கப் போன இரண்டு பேரும் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். "அவசரப்பட்டுட்டாருக்கா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேச்சுன்னா தட்டமாட்டாரேடா" என்று அழுதாள். பந்தலுக்கு ஆள் சொல்ல வேண்டியிருந்ததால் நான் எழுந்து வந்துவிட்டேன்.

நான் அவரிடம் பொய் சொன்னதாக வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள் ஐயா. அதை மட்டும் திருத்திவிடுங்கள். மூடி திறந்த தேதியை இரண்டு நாள் முந்தையதாக மாற்றி, அன்று காலையிலேயே அட்டவணையில் போட்டுவிட்டேன். மாமா கேட்டபோது அதைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.