மொட்டையாக இல்லாத மாடி

— அங்கேயே நில்லு, பாந்தெலிஸ். கத்திரிச் செடியை மிதிச்சே, தொலைச்சுடுவேன்.

— சரி, சரி. மூச்சு விட்டுக்கறேன், எவாந்தியா. அத்தனை மாடியும் படியேறி வர்றேன். லிஃப்ட்ல ஒரே கூட்டம்.

— தோட்டத்துக்குப் பூட்டுப் போடற ஆளுங்களா? வரட்டும். இந்த எலுமிச்சைத் தொட்டியோட என்னையும் சேர்த்துத்தான் தூக்கணும்.

— நகர சபையில என்ன முடிவாச்சுன்னு கேக்காமலே...

— கேக்கணுமா? கார் நிறுத்தற கட்டடத்து மாடி. நின்னா அக்ரோபொலிஸ் குன்றும் கோயிலும் தெரியுது. அதைக் காட்டி மேசை போட்டு மது விக்கணும்ங்கறான் ஒருத்தன். உன் கட்சி தலையாட்டுது. நீயும் ஆட்டியிருப்பே. இத்தனை வருஷம் உன்னோட குடும்பம் நடத்தினவளுக்கு இதுகூடவா தெரியாது?

— விவாகரத்து வாங்கியும் திட்டு நிக்கலையே!

— அது வேற, இது வேற. சுத்திப் பாரு. தார் கொதிச்சுக் கிடந்த இடம் இது. வாளி வாளியா மண்ணு சுமந்தது யாரு? இந்த கிப்செலித் தெரு. போன ஜூலையில வீடெல்லாம் அடுப்பாக் காய்ஞ்சப்போ, அனெஸ்திஸ் கிழவரை நாற்காலியோட தூக்கிட்டு வந்து இந்தத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே உக்கார வெச்சோம். பொழைச்சுக்கிட்டார். அந்த சிரியாப் பொண்ணு ரீமா புதினா நட்டு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்தா. யாரையாவது நீ யாருன்னு கேட்டோமா?

— இதையேதான் சபையில சொன்னேன்.

— யாரு?

— நான்தான்.

— நீ? சபையில? வாயைத் திறந்தியா?

— திறந்தேன். கையையும் தூக்கினேன். ரெண்டு பக்கமும் சமமா நின்னுச்சு. என் கை போன பக்கம் ஜெயிச்சுது.

— எந்தப் பக்கம்? சொல்லித் தொலையேன்!

— கத்திரிக்காய்ப் பக்கம். தோட்டம் ஊருக்குப் பொது. யாரு வேணா ஏறி வரலாம், உக்காரலாம். தண்ணிகூட நகராட்சியே விடும்.

— சும்மா சொல்லாதே.

— நம்பலேன்னா கீழே எட்டிப் பாரேன்.

— அம்மாடி! தெரு முழுக்க ஜனம்! அதோ ரீமா, தட்டு நிறைய பலகாரத்தோட! ஏய், எல்லாரும் மேல வாங்க! மெதுவா, மெதுவா! ... பாந்தெலிஸ், உன் கட்சிக்காரங்க உன்னைச் சும்மா விட மாட்டாங்களே.

— விடல. அங்கேயே பதவியை ராஜினாமா பண்ணுன்னு குதிச்சார் தலைவர். பண்ணிட்டேன்.

— அட பைத்தியமே! அந்த நாற்காலிக்காக எப்படி அலைஞ்சே! இனிமே அங்க நமக்காகப் பேச யாரு இருக்கா?

— கோபத்துல அவர் ஒண்ணை மறந்துட்டார். நான் விலகினா, எங்க கட்சியில எனக்கு அடுத்தபடியா ஓட்டு வாங்கினவங்கதான் அந்த இடத்துக்கு வரணும். சட்டம் அப்படி.

— அது... நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிப் பட்டியல்ல சேர்ந்து நின்ன தேர்தலாச்சே...

— கையில இருக்கற மண்ணைக் கழுவிட்டு வாங்க, கவுன்சிலரம்மா.