தம்பையாவின் பிறேக்

பின்னேரம் ஐந்தரை மணி. லுணுகலையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் றோட்டு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம்… எங்கும் மூடுபனி. ஆள் நடமாட்டமே இல்லை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு ஒருவரும் தனியாக வெளியே போகமாட்டீர்கள். இது என் கூட்டாளி சரவணமுத்துவின் மாமா வீரசிங்கத்துக்கு நடந்தது, ஐம்பத்தேழாம் ஆண்டு. அவர் வாகனப் பரிசோதகர். விபத்தில் மாட்டிய கார்களின் பிறேக்கை மீற்றரால் அளந்து கோர்ட்டுக்குச் சொல்வது அவருடைய வேலை.

அந்தக் கார் தோட்டத்துத் துரையுடையது. ஓட்டியவன் தம்பையா. மலைநாட்டு டிரைவர்மாரின் வழக்கம் தெரியும்தானே? பெற்றோல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவார்கள். தம்பையாவும் ஒரு நாள் அப்படி உருட்டினான். சத்தமில்லாமல் வந்த கார், வளைவில் கூடையோடு நின்ற, கொழுந்து பறிக்கும் பெண் பெரியாயியை அடித்துவிட்டது. பாவம், அவள் அந்த இடத்திலேயே முடிந்தாள்.

பிறேக் பிடிக்கவில்லை என்றான் தம்பையா. பிடிக்கும் என்று மீற்றர் காட்டினால் அவனுக்குச் சிறைதான். அந்தப் பின்னேரம், பிணையில் வந்தவன், சோதனை பார்க்க வந்த கான்ஸ்டபிளின் பக்கத்தில் நின்றான்.

வீரசிங்கம் மீற்றரைக் காருக்குள் வைத்தார். சின்னப் பெட்டி, அதில் ஒரு முள். பிறேக் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ, முள் அவ்வளவு ஏறும். எஞ்சினைப் போடாமல், கைப் பிறேக்கை மட்டும் எடுத்துவிட்டு, அதே இறக்கத்தில் உருண்டார். வளைவில் மிதித்தார். மிதி பொசுக்கென்று தரைக்குப் போய்விட்டது.

பள்ளம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டார்…

கார் நின்றது. டயர் கிரீச்சிடவில்லை. முன்னால் யாரோ நின்று தாங்கிப் பிடித்தது போல. முள் உச்சியில் இருந்தது. காருக்குள் பச்சைக் கொழுந்தின் மணம்.

மேலே ஏற்றி மறுபடியும் உருட்டினார். இந்தமுறை மிதிக்கவேயில்லை. அதே இடத்தில் நின்றது.

“நல்ல பிறேக்தானே!” என்றான் கான்ஸ்டபிள்.

தம்பையா ஓடிவந்து வீரசிங்கத்தின் காலில் விழுந்தான். “பொய்ங்கய்யா… சாமி சத்தியமா புடிக்கலைங்க. புள்ளகுட்டிக்காரன்யா நான். ஒரே ஒரு வாட்டி நானே ஓட்டிக் காட்டுறேங்க.”

மிதி தரைக்குப் போனது வீரசிங்கத்துக்கு மட்டுந்தான் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கு மனம் கேட்கவில்லை.

“சரி, ஏறு. மெள்ள உருட்டு, கண்டியோ.”

காரை மேலே ஏற்றி, தம்பையா தனியே உருட்டினான். வளைவு வந்தது. கார் நிற்கவில்லை. வேகம் கூடியது… இன்னும் கூடியது. பனிக்குள்ளிருந்து அவனுடைய குரல் மட்டும் கேட்டது. பயந்த குரல் இல்லை. சந்தோஷத்தில் கத்தினான்.

“பாத்தீங்களாய்யா! புடிக்கல! புடிக்கலைங்கய்யா!”

பிறகு தேயிலைச் செடிகள் நொறுங்கும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

காலையில் காரை மேலே இழுத்தார்கள். பிறேக் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தம்பையா சொன்னது அத்தனையும் உண்மை. என்ன பிரயோசனம்? அவன் பெண்சாதி றோட்டோரத்தில் கிடந்து கதறினாள்.

வீரசிங்கம் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கத்தில் போய் நின்றுவிட்டார். தகடு இரண்டு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது… விரல் விரலாக, இரண்டு சின்னக் கைகள்.

விரல் பட்ட இடமெல்லாம் தேயிலைக் கறை.