ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி

— கதவைச் சாத்துடி. வெளியில பூங்கொத்தோட ஆளுங்க நிக்கிறாங்க, விட்டா உள்ள வந்துடுவாங்க.

— வரட்டுமே. நீ முதல்ல சொல்லுக்கா, ஆட்டம் எப்படி இருந்துச்சு?

— மூஞ்சியைத் துடை. மை வழிஞ்சு அழுதவ மாதிரி இருக்கே.

— அழுதேன்தான். கடைசியில நடிக்கல, சத்தியமா நிஜமாவே அழுதேன். சொல்லேன்!

— நல்லா ஆடினே. தங்கச்சிங்கறதுக்காகச் சொல்லல. எனக்கு உங்க மாடர்ன் டான்ஸ் ஒரு எழவும் புரியாது. தரையில உருண்டா, சரி உருளட்டும்னு பாத்துக்கிட்டிருப்பேன். இன்னிக்கு எல்லாமே புரிஞ்சுது. அதான் வந்த வினை.

— புரிஞ்சுதா?

— ஸ்பீக்கர்ல வண்டி வந்து நிக்கிற சத்தம். உடனே மூக்குக்கண்ணாடியைக் கழட்டுறே. மடிக்கிறே. எட்டி எங்கயோ உயரத்துல வைக்கிறே. கையைத் துடைச்சுக்கிட்டு கதவைத் திறக்கப் போறே. திரும்பத் திரும்ப அதையே. எங்க வீட்டு ஃபிரிட்ஜ் உயரம்கூட அச்சா அப்படியே இருந்துச்சு. டேப் வெச்சு அளந்தியா?

— அளக்கல. உன் வீட்ல தங்கியிருந்தப்ப தினமும் பாத்தேன். மாமா வண்டிச் சத்தம் கேட்டா, பேசிக்கிட்டே கழட்டி வெச்சுடுவே. கழட்டுறதே உனக்குத் தெரியாது.

— ஒரு தடவை கண்ணாடியோட சேத்து அறைஞ்சாரு. கண்ணுல குத்தாம தப்பிச்சுதுன்னு டாக்டர் சொன்னாரு. அதுலேர்ந்து கை தன்னால போகுது.

— அதேதான் எங்க மாஸ்டர் கேட்டாரு. ஆளுக்கு ஒரு அசைவு வீட்லேர்ந்து கொண்டு வாங்க, யோசிக்காம செய்றதா இருக்கணும்னாரு. ஒருத்தி அவங்கம்மா காஸ் சிலிண்டரை உருட்டுறதைக் கொண்டு வந்தா. ஒருத்தன் அவங்கப்பா சட்டைப் பையைத் தடவிப் பாக்கிறதை. நான் இதைச் செஞ்சு காட்டினேன். மாஸ்டர் எந்திரிச்சு நின்னுட்டாரு. மத்ததையெல்லாம் தூக்கிப் போடுங்க, இதுதான் ஆட்டம்னுட்டாரு.

— உனக்குப் பெருமையா இருந்துச்சா?

— இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

— அம்மாடி, நம்ம வீட்ல ஒருத்தியாவது உண்மை பேசுறாளே.

— அதுக்காக மட்டும் ஆடலக்கா, சத்தியமா. மாமா பாக்கணும்னுதான் ஆடினேன். முன்வரிசையில உக்கார வெச்சதே அதுக்குத்தான். நேர்ல சொன்னா, "புருஷன் பொண்டாட்டி விஷயம், நீ சின்னப் பொண்ணு"ன்னு வாயை அடைச்சுடுறாரு. மேடையில பாத்தா கொஞ்சமாவது கூசும்னு நெனச்சேன். பாத்தாரா இல்லையா?

— கண்ணிமைக்காம பாத்தாரு. நீ எட்டி வைக்கிறப்ப என் கையைப் பிடிச்சாரு. சரி, இன்னிக்கு நம்ம கதை முடிஞ்சுதுன்னு உக்காந்திருந்தேன். கண்ணாடியைத் துடைக்கணும், பனி படிஞ்ச மாதிரி இருக்கு. ஆனா கழட்ட பயம். கழட்டினா தெரிஞ்சுடுமே.

— அப்புறம்?

— அழுதாரு.

— மாமாவா?

— கர்சீப் நனைய நனைய அழுதாரு. பக்கத்து சீட் அம்மா தண்ணி பாட்டிலை நீட்டினாங்கன்னா பாத்துக்கோ.

— நான் சொன்னேன்ல! அக்கா, நான் சொன்னேன்ல! எவ்வளவு மோசமான ஆளா இருந்தாலும் உள்ளுக்குள்ள எங்கயோ ஒரு...

— துள்ளாதே, உக்காரு. அழுதுக்கிட்டே என் காதுல கேட்டாரு, "உங்கப்பா உங்கம்மாவை இப்படித்தான் அடிச்சாரா"ன்னு.

— அப்பாவா? நம்ம அப்பாவா?

— நம்ம அப்பாதான். அம்மாவுக்குக் காய்ச்சல்னா லீவு போட்டுட்டு நமக்குக் கோணல்மாணலா ஜடை பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவாரே, அதே அப்பா. கரப்பானைக்கூட பேப்பர்ல ஏந்தி வெளியில விடுற மனுஷன்.

— நீ என்ன சொன்னே?

— ஆமான்னேன்.

— அக்கா!

— கத்தாதே. வேற என்ன சொல்லச் சொல்றே? "இல்லீங்க, அது நீங்கதான்"னு சொல்லிட்டு அவரோட அதே வண்டியில ஏறிப் போகவா? இன்னிக்கு அந்த வீட்ல நீயா இருக்கப் போறே? நான்ல இருக்கணும்.

— அம்மா இருந்திருந்தா தாங்கியிருக்க மாட்டாங்கக்கா.

— அம்மா இல்லாததாலதான் சொல்ல முடிஞ்சுது.

— என்னோட வந்துடு. இப்பவே. வீட்டுக்குப் போகாதே.

— உன் ரூம்ல ஏற்கனவே மூணு பொண்ணுங்க கால் நீட்ட இடமில்லாம கிடக்குறீங்க. இதுல நானு, என் பொண்ணு. போன தடவை வந்தோமே, என்ன ஆச்சு? உங்க ஹவுஸ் ஓனர் வாசல்ல வந்து நின்னாரு. உங்க மாமா வந்து கையெடுத்துக் கும்பிட்டு அழுது கூட்டிட்டுப் போனாரு. அழறது அவருக்கு நல்லா வரும்டி. உங்க ஆட்டத்துல சேத்துக்கலாம்.

— சிரிக்காதேக்கா, பயமா இருக்கு. அப்பா எங்க?

— கீழ நிக்கிறாரு.

— அவருக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது. பெரியவ நல்லா இருக்காங்கற நெனப்புலதான் அவரு தூங்குறதே. நீ விழுந்தேன்னு சொன்னதை இன்னும் நம்பிக்கிட்டிருக்காரு.

— பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னேன். கண்ணாடி ஃபிரேமுல ஒட்டுப் போட்டிருக்கிறதைப் பாத்துட்டு, மறுநாளே வழுக்காத கால்மிதி வாங்கிட்டு வந்துட்டாரு. அவரே குனிஞ்சு விரிச்சு, மிதிச்சுப் பாத்துட்டுப் போனாரு.

— நான் கீழ போறேன். அது எங்கப்பா இல்ல, வெறும் கற்பனைன்னு மாமாகிட்ட சொல்லிடுறேன்.

— சொல்லி? கற்பனைன்னா கண்ணாடி யாரோடதுன்னு யோசிப்பாரு. பேசாம இரு. அப்பாவைத்தான், இனிமே அந்தாளு நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு உங்க மாமா. "என் பொண்ணு வளர்ற வீடு"ங்கறாரு.

— அப்பா வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும்தானே மாமா கை நீட்டாம இருப்பாரு!

— அந்த ஒரு நாளும் போச்சு.

— நான்தான் கெடுத்தேன். இதை இனிமே ஆட மாட்டேன். மாஸ்டர் காலைப் பிடிச்சாவது நிறுத்திடுறேன்.

— ஆடினா என்ன, ஆடாட்டி என்ன? அது இப்ப என் கதை இல்ல. அப்பா கதை.

— அவருகிட்டயாவது ஏதாவது சொல்லணும்க்கா. மாப்பிள்ளை ஏன் வர வேண்டாங்கறாருன்னு தெரியாம, தனியா உக்காந்து மருகிக்கிட்டே இருப்பாரு.

— அவருக்குத் தெரியும்.

— எப்படி?

— படியிறங்கும்போது உங்க மாமா அவரை நிறுத்தி, அம்மாவை அடிச்சீங்களான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாரு.

— அய்யோ. அப்பா என்ன சொன்னாரு?

— அவர் பக்கம் திரும்பவே இல்ல. என்னைப் பாத்தாரு. என் ஃபிரேமுல இருக்கிற ஒட்டைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம், "ஆமா மாப்பிள்ளை, நான்தான் அடிச்சேன்"னாரு.