கூவுபனை

செம்மணல் மேடுகள் ஆண்டுக்கு ஓரிடமாக மாறி மாறி அமர்ந்த காலம் ஒன்று இருந்ததாம். அந்த மணற்காட்டைத் தேரி என்பார்கள். தேரிக்கு மேற்கே, கொழுஞ்சிவிளை என்றோர் ஊர். ஊர் என்றால் நாற்பது ஓலைவீடு, நாலாயிரம் பனை, அவ்வளவுதான். அங்கே பலவேசம் என்றொரு பனையேறி இருந்தார். இன்று கொழுஞ்சிவிளையில் எந்த வீட்டு வேரைப் பிடித்து இழுத்தாலும் அது அவரிடம்தான் போய் நிற்கும் என்பார்கள்.

பலவேசத்தின் மனைவி சந்தனமாரி. ஒரே மகள் வடிவு. அவளைத் தேரிக்கு அப்பால், கிழக்கே, நடுவைக்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அது ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர். வெற்றிலைக் கொடிக்கால் ஊர். வடிவின் மாமனார் திருவடி கொடிக்கால்காரர். வாய் நிறைய வெற்றிலை, பேச்சு நிறையக் குத்தல்.

"சம்மந்தி ஊர்ல மண்ணு கால்ல ஒட்டாது, தண்ணி கண்ணுல தட்டாது. பனைய நம்பியா வே பொண்ணு வளத்தீரு?" என்பாராம் திருவடி.

பலவேசம் விடுவாரா? "உம்ம ஊர்ல எல்லாமே ஒட்டும் வே. நடந்தா சேறு ஒட்டும், உக்காந்தா அட்டை ஒட்டும்" என்பாராம்.

இப்படி ஏசிக்கொண்டாலும், தை பிறந்தால் புதுநெல் பொங்கலுக்கு இவர்கள் அங்கே போவார்கள். வெயில் ஏறினால் பதநீர் குடிக்க அவர்கள் இங்கே வருவார்கள்.

மார்கழியில் வடிவுக்குத் தாய்வீட்டில் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். மூன்று மாதம் பலவேசத்தின் மார்பில் கிடந்து வளர்ந்தது. பங்குனியில் திருவடி வந்து மருமகளையும் பேத்தியையும் அழைத்துப் போனார். அதன்பின் பலவேசத்துக்குப் பனை உயரமாகத் தெரிந்ததாம். வீடு பெரிதாகத் தெரிந்ததாம்.

அந்தப் பக்கத்தில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைக்குப் பல் தெரியுமுன், தாயைப் பெற்ற தாத்தா தம் கையால் முதற்சோறு ஊட்ட வேண்டும். ஊட்டும்போது, "உண்ணு தாயி, ஊரு பெருகட்டும்" என்று மூன்று முறை வாயால் சொல்ல வேண்டும். ஆனி கடைசி வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

இனிக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் தப்பு இங்கேதான் நடந்தது.

தேரிக்குள் பாதை நில்லாது. இன்று பதித்த தடம் நாளை இராது. ஆகவே, காய்ந்த பனைமட்டைகளை இருபது காலடிக்கு ஒன்றாக நட்டு வைப்பார்கள். அதற்கு வழிமட்டை என்று பெயர். ஆனிக்காற்று பிறக்குமுன் பழைய மட்டையைப் பிடுங்கிப் புதுமட்டை நட வேண்டும். அந்த ஆண்டு அது பலவேசத்தின் முறை. பழையதைப் பிடுங்கினார். புதியதை நட்டாரா? நடவில்லை.

ஏன் நடவில்லை? முதற்சோற்று விருந்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கருப்பட்டி கொடுக்க ஆசைப்பட்டார். பதநீர் அடுப்பில் கொதிக்கிறது. பதம் வருமுன் தீ தணிந்தால் கருப்பட்டி கட்டியாகாது, கூழாகிப் போகும். விறகோ தீர்ந்துவிட்டது. பிடுங்கிய வழிமட்டைகளைச் சுமையாகக் கட்டி வந்து அடுப்படியில் போட்டார்.

சந்தனமாரி பதறினாள். "வழிமட்டையவா கொண்டாந்தீக? தெய்வத்துக்கு அடுக்குமா இது?"

"பழசுதானளா. புதன்கிழமைக்குள்ள புதுசு நட்டுருவேன். அவ வாறது வெள்ளிக்கிழமைதான? இடையில எவன் வாறான்?"

எவன் வருவான் என்று கேட்டார் அல்லவா? அவர் மகள் வந்தாள்.

மறுநாள் உச்சி சாய்கிற நேரம். காற்று எழுந்துவிட்டது. ஆனிக்காற்று என்றால் மேல்காற்று. மேற்கிலிருந்து கிழக்கே தேரியை வாரி வாரி இறைக்கும். அந்தக் காற்றில், வண்டிப்பாதையைச் சுற்றிக்கொண்டு, கருவாடு விற்கும் மூக்கம்மை ஊருக்குள் வந்தாள். கூடையை இறக்கவில்லை, அதற்குள் கேட்டாள்.

"பலவேசண்ணாச்சி, பேத்தி நல்லா வளந்திருக்காளே! எங்க, கொண்டாங்க, ஒரு மட்டம் பாத்துக்கிடுதேன்."

"எந்தப் பேத்தி?"

"என்னண்ணாச்சி இப்படிக் கேக்கீக? பிள்ளைக்கு ஈறுல வெள்ளை தெரியுதுன்னு, பல்லு முந்திடக் கூடாதுன்னு, உங்க சம்மந்தி இன்னைக்கே கூட்டிட்டுப் புறப்பட்டாரே! காலையில எங்கண்ணு முன்னாலதான் தேரிக்குள்ள இறங்கினாவ. நான் வண்டிப்பாதை சுத்திக்கிட்டு வந்து சேந்தாச்சு. அவுக இன்னுமா வரல?"

பலவேசம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாராம். அடுப்பில் வழிமட்டை எரிந்துகொண்டிருந்தது.

தேரியைக் கடக்க மூன்று நாழிகை போதும். அவர்கள் இறங்கிப் பத்து நாழிகை ஆகிவிட்டது. வடிவு தனியாக வந்தால் காற்றுக்கு முகம் கொடுத்து நடப்பாள், வந்து சேர்ந்துவிடுவாள். ஆனால் கையில் பிள்ளை இருக்கிறது. பிள்ளைக்காரி காற்றுக்கு முதுகு காட்டுவாள். முதுகு காட்டினால் திசை மாறும். கூட வருகிறவரோ ஆற்றங்கரைக்காரர். களைத்தால் மேட்டின் மறைவில் உட்காருவார். காற்றடிக்காத மறைவிடம்தானே என்று நினைப்பார். தேரியில் அதுதான் சாவு. மேட்டுக்கு இந்தப் பக்கம் வாரிய மணலைக் காற்று அந்தப் பக்கம்தான் கொட்டும். உட்கார்ந்தவரை ஒரு சாமத்தில் மூடிவிடும்.

"நான் தேடிப் போறேன்" என்று ஓடினார் பலவேசம்.

சந்தனமாரி குறுக்கே நின்றாள். "எங்கன்னு போவீக? உள்ள போனா நம்ம கையே நமக்குத் தெரியாது. பனையில ஏறுங்க. மணலு ஆளு உசரந்தான் பறக்கும். மேல நின்னா தெரியும். நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் நடக்கேன்."

"உன்னால முடியாதுளா."

"என் மக அங்க கிடக்கா. முடியுமா முடியாதான்னு அப்புறம் பாப்போம்."

மூக்கம்மை கூடையைப் போட்டுவிட்டு, தொலைவில் பனையேறிக்கொண்டிருந்த ஆண்களை அழைக்க ஓடினாள். பலவேசம் தேரி விளிம்பில் நின்ற கடைசிப் பனைக்கு வந்தார். இரு காலையும் சேர்த்துப் பிடிக்கும் தளைநாரை மாட்டினார். ஏறினார். பனை ஆடியது, ஏறினார். மணல் கண்ணில் அறைந்தது, ஏறினார். உச்சிக்குக் கை எட்டியபோது தளைநார் அறுந்து கீழே போயிற்றாம். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பனைமட்டையின் விளிம்பு அரம் போல இருக்கும். அதைக் கருக்கு என்பார்கள். அந்தக் கருக்கு மட்டைகளுக்கு நடுவே மார்பைக் கொடுத்து நிமிர்ந்து நின்றார்.

கீழே செம்புகை. மேலே வெறும் வானம். மேடுகளின் முதுகு மட்டும் யானைக்கூட்டம் போலத் தெரிந்தது. காற்று நின்றதா? நிற்கவில்லை.

கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தார். ஒன்றுமில்லை. மூன்றாம் முறை பார்த்தபோது, வடக்கே ஒதுங்கி நின்ற ஒரு மேட்டின் மறைவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. தேரிக்காரன் துணி எதுவும் வெள்ளையாக இராது. துவைத்தாலும் செம்மண் போகாது. அது திருவடியின் தலைத்துண்டு. தலைத்துண்டு மட்டும்தான் தெரிந்தது.

"சந்தனமாரீ! நட! நேரா நட!"

மேல்காற்று அவர் குரலைத் தூக்கிக்கொண்டு கிழக்கே போயிற்று. அவள் நடந்தாள்.

"சோத்தாங்கைப் பக்கம் போகாத! நொட்டாங்கைப் பக்கம் திரும்பு! இன்னும் திரும்பு! இப்ப நேரா!"

அவர் சொல்வது அவளுக்குக் கேட்கும். அவள் சொல்வது அவருக்குக் கேட்காது. புகைக்குள் அவள் சேலை ஒரு நேரம் தெரியும். ஒரு நேரம் தெரியாது. தெரியாதபோதும் கத்தினார். காற்று நின்றதா? நிற்கவில்லை.

அங்கே நடந்ததைச் சந்தனமாரி பிறகு சொன்னாளாம். திருவடி இடுப்பு வரை மணலில் புதைந்து அமர்ந்திருந்தார். "மாமா, எந்திரிங்க, இது உக்காருத இடமில்ல" என்று வடிவு நூறு முறை சொல்லிவிட்டாள். "காத்து ஓயட்டும் தாயி" என்று நூறு முறையும் அவர் சொல்லிவிட்டார். அவரை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. பிள்ளையைச் சேலைக்குள் முடிந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் மாமனாரைச் சுற்றியிருந்த மணலைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். தள்ளத் தள்ள மணல் வந்தது.

தாயும் மகளும் அவரை இழுத்து எழுப்பினார்கள். ஒருவர் முந்தியை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இனித் திரும்ப வேண்டும். திரும்புவது என்றால் காற்றுக்கு எதிரே நடக்க வேண்டும். கண் திறக்க முடியாது. குரல் வருகிற திசையில் நடப்பது ஒன்றே வழி.

பலவேசம் கத்தினார். வெள்ளைப் புள்ளி எழுந்தது, அசைந்தது, வந்தது. கத்தினார், வந்தது. பாதித் தொலைவு வந்தது. அப்போது வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

மறுபடி திறந்தார். காற்றுதான் உள்ளே போயிற்று; ஒன்றும் வெளியே வரவில்லை. வெள்ளைப் புள்ளி நின்றது. சற்று நேரம் நின்று, பிறகு தெற்கே திரும்பியது. தெற்கே மணற்சரிவு, மாடு விழுந்தால் மீளாத குழி அது. அங்கே போகிறார்கள். தம் கண்ணெதிரே, தம் பேத்தி, அங்கே போகிறாள்.

பக்கத்துப் பாளையில் கலயம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் கட்டியது, நாலு வாய்ப் பதநீர் ஊறியிருந்தது. கலயத்தை அறுத்து எடுத்து, மணலும் பதநீருமாக அப்படியே குடித்தார். கருக்கு மார்பைக் கிழிக்க, இன்னும் ஒரு முழம் எழும்பி நின்றார். வலம், இடம் என்று சொல்ல இனி நேரமில்லை. பனைக்குப் பனை ஆள் கூப்பிடப் பனையேறிகள் ஒரு கூவல் கூவுவார்களே, அதைக் கூவினார்.

"கூஊஊஊ!"

வயிற்றிலிருந்து எழுந்த கூவல் அது. காற்றுக்கு மேலே ஏறி நின்றதாம். அதைக் கேட்டு, பாளை சீவிக்கொண்டிருந்தவன் எல்லாம் அரிவாளை நிறுத்தினானாம். மறுபடி கூவினார். வெள்ளைப் புள்ளி திரும்பியது. மறுபடி கூவினார். வந்தது. வாயில் உப்புக் கரித்தது, துப்பவில்லை, கூவினார். பனையடிக்கு வந்து சேரும்வரை கூவினார்.

ஆண்கள் வந்து அவரைக் கயிறு கட்டி இறக்கினார்கள். வடிவு சேலை முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையின் புருவமெல்லாம் செம்மணல். பிள்ளை ஒரு தும்மல் போட்டது. பிறகு வீறிட்டு அழுதது.

"எப்பா, பாத்தீகளா, அழுதுட்டா!" என்று சிரித்தாள் வடிவு, சிரித்துக்கொண்டே அழுதாள்.

பலவேசம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அன்றும் வரவில்லை, அதன்பின் என்றுமே வரவில்லை.

மறுநாள் காலை, பல் முந்துமுன், முதற்சோற்றுக்குப் பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஊர் கூடியிருந்தது. திருவடி கேட்டார்: "எல்லாம் சரி சம்மந்தி. வழிமட்டை எங்க வே போச்சு? ஒண்ணுகூட இல்லையே."

பலவேசம் எழுந்து போனார். பாதி எரிந்த மட்டை ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்து வந்து சம்பந்தியின் காலடியில் வைத்தார். தலை குனிந்து நின்றார்.

திருவடி அந்த மட்டையைப் பார்த்தாராம். மருமகளைப் பார்த்தாராம். "எந்திரிங்கன்னு இவ நூறு மட்டம் சொன்னா வே. நான் கேக்கல. அதை எந்த அடுப்புல வைக்க?" என்றார். பிறகு பலவேசத்தின் கையைப் பிடித்து, பிள்ளை பக்கத்தில் உட்காரவைத்தார்.

பலவேசம் சோற்றை எடுத்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டுமே! சொல்லாத சோறு சேருமா என்று கூட்டத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். திருவடி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சம்பந்தியின் தோளை ஒட்டி அமர்ந்தார்.

"என் சம்மந்தி சொல்லுதாரு: உண்ணு தாயி, ஊரு பெருகட்டும்" என்றார். மூன்று முறையும் சொன்னார். பிள்ளை உண்டது.

அந்தப் பனையில் அதன்பின் யாரும் பாளை சீவியதில்லை. அதற்குக் கூவுபனை என்று பேராயிற்று. அது பட்டு விழுந்த இடத்துக்கும் இன்று கூவுபனை என்றுதான் பேர். அந்தப் பேத்தி பின்னாளில் கொழுஞ்சிவிளைக்கே வாழ்க்கைப்பட்டு வந்தாள், ஊர் அவள் வழியில்தான் பெருகியது. கொழுஞ்சிவிளை வழியில் வந்த பிள்ளைகளுக்கு இன்றும் முதற்சோறு ஊட்டும்போது, தாயைப் பெற்ற தாத்தா வாய் திறப்பதில்லை. எவ்வளவு பேச்சுக்காரரானாலும் திறப்பதில்லை. தகப்பனைப் பெற்ற தாத்தாதான் அவர் தோளை ஒட்டி அமர்ந்து, "என் சம்மந்தி சொல்லுதாரு" என்று தொடங்க வேண்டும். முதல் நாள் வரை இருவரும் எவ்வளவு ஏசிக்கொண்டிருந்தாலும், அப்படித்தான் தொடங்க வேண்டும்.