சாயக் குழாயை அடைத்தது பற்றி

பெயர் செவ்வந்தி, வயது முப்பத்து நான்கு, கணவர் அங்கப்பன், சோமனூர் தெற்குத் தெருவில் குடியிருப்பு. பங்காரு என்பவரின் சாயப்பட்டறையில் நூல் அலசும் வேலை. அவர் என்மேல் கொடுத்த புகாரின்பேரில் 1997 மார்ச் மாதம் காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் சொன்னதாவது:

போன வருடம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போன பிறகு, இனிப் பட்டறையைச் சுத்தமாக நடத்தப் போவதாக முதலாளி எங்களைக் கூட்டிச் சொன்னார். கடைசி அலசல் தண்ணீரை அடுத்த நூலின் முதல் அலசலுக்கு எடுக்க வேண்டும், சாயம் மிஞ்சாமல் கலக்க வேண்டும், எங்கே ஒழுகினாலும் கண்டவர் யாரையும் கேட்காமல் உடனே அடைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். அதைக் கவனிக்க என்னையே பொறுப்பாக வைத்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கூட வேலை செய்பவர்களிடம் சண்டை போட்டு நடத்தினேன். தண்ணீர்ச் செலவு உண்மையாகவே குறைந்தது.

அதன்பின் பட்டறைச் சாயத்தால் தெருக் கிணற்றுத் தண்ணீர் கைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பாப்பாயி அக்கா தெருவில் மனுவுக்குக் கையெழுத்து வாங்கினார். நான் விடவில்லை. மாடுகளுக்கான பட்டிப் பொங்கலன்று எங்கள் மாட்டுப் பட்டியில், கன்றை இறக்குவதற்காக வழக்கம்போல் சாணத்தால் கரை கட்டிய சின்னத் தெப்பக்குளத்தில், பட்டறையில் சுத்திகரித்த தண்ணீர் என்று கடைசித் தொட்டியிலிருந்து கொண்டுவந்து ஊற்றி, எல்லோரும் பார்க்க எங்கள் கன்றை இறக்கினேன். கன்று குடித்தது; ஒன்றும் ஆகவில்லை. அக்கா மனுவைக் கிழித்துப் போட்டார்.

அதன்பின் ஒரு நாள் பாசி தேய்க்க அந்தக் கடைசித் தொட்டிக்குப் பின்னால் போனபோது, அதில் விழுவது ஆழ்குழாய்த் தண்ணீர் என்பதையும், சாயத் தண்ணீர் வேறொரு குழாய் வழியே பின்னாலுள்ள பாழுங்கிணற்றுக்குள் போவதையும் பார்த்தேன். எங்கள் தெருக் கிணறு அதற்குக் கீழ்ப்பக்கம் இருக்கிறது. நேரே முதலாளியிடம் போய், "ஏனுங்க, என் வாயாலயே ஊரை ஏமாத்த வெச்சுப்போட்டீங்களே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் சொன்னா எவன் நம்பறான் அம்மணி? அதுக்குத்தானே உன்னய வெச்சேன்" என்றார்.

அதன்பின் சாக்கும் சிமெண்டும் திணித்து அந்தக் குழாயை அடைத்தேன். சாயத் தண்ணீர் எதிர்த்து வந்து நூல் கிடங்கில் ஏறியது உண்மை. ஆனால் நான் அத்துமீறியதாக முதலாளி சொல்வது பொய். ஒழுகுவதைக் கண்டேன், யாரையும் கேட்காமல் அடைத்தேன். அவர் போட்ட சட்டம் பட்டறை வாசலில் பெயிண்டில் இன்னும் இருக்கிறது. பாப்பாயி அக்கா இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) செவ்வந்தி