‘குவோவி’யின் பேச்சுக்குழாய்

பைன் மர உடம்பும் பொறுமையான எஞ்சினும் கொண்ட எங்கள் ‘குவோவி’யே, பின்லாந்து வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் கடலில் கிடந்த கண்ணிவெடிகளை வாரிய படகே, வணக்கம்.

நீ அடிபட்ட அன்று காலை கடைசியாக நடந்தது ஒரு காபிப் பேச்சு. கண்ணிகளை வாரும் கம்பி நீரில் இறங்கிவிட்டால் யாரும் கீழே இருக்கக் கூடாது என்பது உன் சட்டம். எஞ்சினுக்கு எண்ணெய் விட இறங்கிய என் அண்ணன் எய்னோ, எஞ்சின் அறையிலிருந்து மேலே வரும் பேச்சுக்குழாயில் ஊதி, சுக்கானருகே நின்ற என்னைக் கூப்பிட்டான்.

“மேல வர்றேன்டா. காபி இருக்கா, இல்ல பானையோட முழுங்கிட்டியா?”

“நீ வந்தா மத்தவனுக்கு மிஞ்சாது. அங்கயே இருண்ணே, கொடுத்தனுப்பறேன்.”

கோப்பை அவனிடம் போகுமுன் உன் பின்புறத்தின் அடியில் கண்ணி வெடித்தது. எங்கள் பதினொருவரையும் நீ கரை சேர்த்தாய். அவனையும் சேர்த்தாய், உயிரில்லாமல்.

வசந்தத்தில் புதுப் பலகைகளோடு திரும்பி வந்தாய். முதல் நாள் கம்பியை இறக்கினோம். எல்லோரும் மேல்தளத்தில் இருந்தோம், எண்ணிப் பார்த்தோம். அப்போது குழாயின் சீழ்க்கை ஒலித்தது. கீழிருந்து மூடியைத் திறந்து ஊதினால்தான் அது ஒலிக்கும். நான் குனிந்து, அன்று சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன்: “மேல வாண்ணே, காபி ரெடி.” சீழ்க்கை நின்றது. அன்று முதல் கம்பியை இறக்கும் முன் ஆளில்லாத எஞ்சின் அறைக்கு அதைச் சொல்வது நம் வழக்கமாயிற்று. இருநூற்றுப் பதினான்கு கண்ணிகள் வாரினாய், வேறொருவரையும் இழக்கவில்லை. அதற்கு எங்கள் நன்றி.

உன்னை வாங்கிய மீனவர் பெர்டில் நேற்று வந்தார். குழாயை அறுத்து எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். எய்னோ எங்களைக் கூப்பிட அது ஒன்றுதான் வழி. வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

“சின்னப் படகு, நானும் என் மச்சானும்தான். இதுல யாருகிட்டய்யா பேசறது?” என்று சிரித்தபடி காதை வைத்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி காதை வைத்தார். பிறகு, “சரி, இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

மத்தி மீன் நிறையட்டும் உன் வயிறு. பனிக்கட்டி உன்னை நெருக்காதிருக்கட்டும். பலகை இற்றுப்போகாமல் நெடுங்காலம் மித. கோட்கா துறைமுகத்தில், 1956 அக்டோபரில், பதினொருவரும் இதில் கையெழுத்திடுகிறோம். எழுதியவன் சுக்கான் பிடித்த தௌனோ.

எஞ்சினை நிறுத்தி, குழாயின் கீழ்மூடியை நேற்று மாலை நானே அழுத்தி மூடினேன். இரவு யாரும் கீழே இறங்கவில்லை. இன்று காலை அது திறந்திருந்தது.