மடிக்காமல் வெட்டிய கம்பி

பேஸ் கிற்றாரின் மூன்றாவது கம்பி மட்டும் ஏன் செத்துக்கிடந்தது என்பது இரண்டு கிழமையாக எனக்கு விளங்கவில்லை. மற்ற மூன்றும் நன்றாக அதிர்ந்தன. இதைத் தட்டினால் பலகையைத் தட்டியது போல 'டப்' என்று அடங்கியது. இரண்டு தடவை புதுக் கம்பி மாற்றினேன். அப்படியேதான். கிற்றார் மூலையில் சும்மா சாய்ந்திருக்கும்போதும் அந்த 'டப்' எனக்குக் கேட்டது.

கிற்றார் றெக்ஷனுடையது. ஊர்காவற்றுறையில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பதினெட்டு வருடம் பேஸ் வாசித்தவன் நான். போன வருடத் திருநாளுக்கு என்னை நிறுத்திவிட்டு அவனை வாசிக்கச் சொன்னார்கள். அவன் விபத்தில் இறந்து வருகிற சனிக்கிழமை ஒரு வருடம். ஆண்டுத் திருப்பலியில் அவனுடைய கிற்றார் ஒலிக்க வேண்டும் என்று அவனுடைய மனைவி ஞானசவுந்தரி அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

பேஸ் கம்பிக்குள் ஒற்றை உருக்குக் கம்பி இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். உள்கம்பி இழுவையைத் தாங்கும். சுற்று பாரம் கொடுக்கும். இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்க வேண்டும். ஒரு முனையில் பித்தளைக் குண்டு. மோட்டார் சைக்கிள் பிரேக் வயரின் முனையும் ஏறக்குறைய அப்படித்தான்.

றெக்ஷனுக்கும் அது தெரியும். திருநாளுக்கு முந்தின கிழமை, மோட்டார் சைக்கிளின் முன் பிரேக் வயர் அறுந்துபோய் என்னிடம் வந்தான். பின் பிரேக் பெயருக்குத்தான் இருந்தது.

"அண்ணை, உங்கட பழைய கம்பி ஒண்டு தாங்கோ. உப்புக்காத்து திண்ட கம்பி, இனிப் பாட்டுக்கு ஏலாது. பிரேக்குக்காவது உதவட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். நாலாவது கம்பி தடிப்பு, வயர் உறைக்குள் போகாது. மூன்றாவது அளவாகப் போகும். நீளம் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். அவனே பூட்டி, வாசல் படலையடியில் ஓடிப் பார்த்தான், பிரேக் பிடித்து நின்றது.

மறுநாள் காலை புங்குடுதீவுப் பாலத்தில் குறிகட்டுவான் பஸ் நின்றது. அவனுடைய மோட்டார் சைக்கிள் நிற்கவில்லை.

"எதையும் அரைகுறையாத்தான் செய்வார்," என்று ஞானசவுந்தரி அழுதாள். நான் அவளுக்குக் கதிரை எடுத்துப் போட்டேன்.

நேற்றுப் பின்னேரம் மூன்றாவது தடவையாக முழுக் கம்பிகளையும் மாற்றினேன். அவள் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

"அண்ணை, மற்ற மூண்டையும் மடிச்சுப்போட்டு வெட்டினியள். உந்த மூண்டாவதை மட்டும் ஏன் மடிக்காமல் சும்மா வெட்டுறியள்?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். மூன்று தடவையும் என் கை என்னைக் கேளாமலே அப்படி வெட்டியிருக்கிறது.

விடிந்ததும் பொலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதை, ஐயா, உங்களிடம் சொல்ல வந்தேன். மடிக்காமல் வெட்டினால் சுற்றின் பிடி தளரும். கிற்றாரில் சுரம் செத்துப்போகும். பிரேக்கில் திருகாணி சுற்றை மட்டும் பிடித்திருக்க, உள்கம்பி வழுக்கிக்கொண்டு வரும். மெதுவாகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. அவசரத்தில் இறுக்கிப் பிடித்தால்தான் வழுக்கும்.

அவனுக்குக் கைதான் முறியும், ஒரு திருநாளுக்கு மட்டும் வாசிக்க ஏலாமல் போகும் என்று நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே வருமுன் இன்னொரு கம்பி பூட்டினேன். நன்றாக அதிர்கிறது. முதலில் கம்பியைச் செங்குத்தாக மடிக்க வேண்டும். மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். பதினெட்டு வருடமாக எனக்கு அது தெரியும்.